கேட்காமல் விதைத்த கோதுமை

ஹங்கேரி நாட்டின் செகெட் நகரத்து வெந்நீர்க் குளியல் கூடத்துக்குப் போகிற எல்லாருக்கும் பிரோஷ்காவைத் தெரியும். பேர்தான் தெரியாது. நுழைந்ததும் இடது கைப்பக்கம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ரப்பர் வளையத்தில் கோத்த அலமாரிச் சாவியை எடுத்துக் கொடுக்கிற பெண் அவள். ஐம்பத்தோரு வயது. காது மறைய வெட்டிய நரைமுடி. இருபத்து மூன்று வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து, நீராவி ஏறிய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஆட்களைப் பார்க்கிறாள். ஆடை கழற்றப் போகிறவர்களின் முகத்தில் ஒரு தயக்கம் வரும். அதைப் பார்க்காததுபோல் இருக்கக் கற்றுக்கொண்டதுதான் அந்த வேலையின் பாதி என்பாள்.

அவள் ஒரு சூனியக்காரி. மறைத்ததில்லை, அதற்காகத் தம்பட்டம் அடித்ததுமில்லை. டிசா ஆற்றங்கரையில் முந்நூறு வருஷத்துக்கு முன் சூனியக்காரிகள் என்று ஆட்களை எரித்த இடத்துக்கு இன்றும் அந்தப் பேர்தான் இருக்கிறது. ஜனங்கள் அங்கே நாயை உலாவ விடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் அந்த வார்த்தை கேலிக்கும் பயத்துக்கும் நடுவில் எங்கோ கிடக்கிறது. குளியல் கூடத்தில் துண்டு கொடுக்கிற பெண் ஒருநாள், மேனேஜரைத் தவளையாக்கித் தரச் சொல்லிக் கேட்டாள். "பாதி வழி அவரே வந்துட்டாரு. மீதியையும் அவரே பாத்துப்பாரு" என்றாள் பிரோஷ்கா. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் அவளைக் கண்டு யாரும் பயப்படவில்லை.

அவளையும் சேர்த்து ஏழு பேர் கொண்ட ஒரு சூனியக்காரர் வட்டம் உண்டு. பதினெட்டு வருஷமாகக் கூடுகிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில், புதுச்செகெட்டில், லோராந்த் என்பவரின் தோட்டக் குடிசைதான் இடம். லோராந்துக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பருவம் திரும்புகிற நாட்களில், பெரும்பாலும் ஞாயிறு மத்தியானம், மெழுகுவர்த்தி, உப்பு, ஆற்றுத் தண்ணீர், ஒரு தட்டு போகாச்சா ரொட்டி என்று சேர்வார்கள். யாருக்காவது வேலை வேண்டும், வீடு வேண்டும், கால்வலி தீர வேண்டும் என்றால் வட்டமாக நின்று அதற்கானதைச் செய்வார்கள். பணம் வாங்குவதில்லை. யாரையும் கட்டிப்போடுவதில்லை, யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. இவை எல்லா வட்டத்திலும் உள்ளவை. இந்த வட்டத்தில் மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. வட்டத்தில் இல்லாத ஒருவருக்காக எதையாவது செய்யச் சொல்லி யார் எழுந்தாலும் மற்ற ஆறு பேரும் சேர்ந்து "கேட்டாச்சா?" என்பார்கள். அந்த ஆளிடம் கேட்டு, அவர் சரியென்றார் என்று சொன்னால்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். பொய் சொல்கிறவர் மூன்று தடவை கேட்டாலும் பொய்தான் சொல்வார் என்பது பிரோஷ்காவின் வாதம்.

அந்த விதியைக் கொண்டுவந்ததே பிரோஷ்காதான்.

இருபத்தாறு வயதில் அவள் மாக்கோ என்ற ஊரில் ஒரு வெங்காய விவசாயி வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு கரு கலைந்தது. மாமியார் அவளுடைய அழுக்குச் சட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த கிராமத்தில் யாரோ ஒருத்தியிடம் போனதும், திரும்பி வந்து கசகசா போட்ட மாவுப் பண்டத்தில் எதையோ கலந்து நாற்பது நாள் அவளுக்கு ஊட்டியதும் அவளுக்குத் தெரியாது. நாத்தனார் ஒருநாள் கோபத்தில் வாயை விட்டாள். மாமியார் மறுக்கவில்லை. "உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றாள். சாப்பிட்ட நாற்பது தட்டும் அன்று ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தன. கெடுதல் செய்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்; நல்லதோடு எப்படிச் சண்டை போடுவது? இரண்டு வருஷத்தில் அந்தக் கல்யாணம் முறிந்தது. செகெட்டுக்கு வந்து, சாவி கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, வட்டத்தில் சேர்ந்த முதல் வருஷமே அவள் எழுந்து நின்று கேட்டது அந்த ஒரே விதியைத்தான்.

கிங்கா அந்த வட்டத்துக்கு வந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுப்பவள். செம்பு நிறத்தில் இடுப்புவரை தலைமுடி. மருதாணி போட்டு வளர்த்த முடி. அதைப் பின்னி முடிக்க அவளுக்குக் காலையில் இருபது நிமிஷம் ஆகும். சத்தமாகச் சிரிப்பாள். தனியாக இருக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்ததால், ஒருத்தி வீட்டுச் சமையலறை மற்றவளுடையதும் ஆனது. எந்த இழுப்பறையில் கத்தி, எந்த டப்பாவில் மிளகாய்த்தூள் என்பதையெல்லாம் இரண்டு பேருக்கும் சொல்லத் தேவையில்லை.

போன செப்டம்பரில், திராட்சை பறிக்கிற சமயம், கிங்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. அந்த மாதக் கூட்டத்தில் அவளே சொன்னாள். சொல்லி முடித்ததும், சந்தையில் பூ விற்கிற வில்மா மெழுகுவர்த்தியை எடுக்கக் கை நீட்டினாள். கிங்கா அந்தக் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தாள்.

"வேண்டாம். எனக்காக யாரும் எதுவும் செய்யக் கூடாது. இன்னும் ஆறு மாசம் கண்டவங்கல்லாம் என் உடம்பைத் தொடப் போறாங்க. ஊசி, குழாய், மிஷின். நீங்களாவது தொடாம இருங்க."

பிறகு லோராந்த், அப்படியென்றால் சமைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டார். சமைக்கலாம், ஆனால் உங்கள் மீன் சூப் வேண்டாம், மருந்தே போதும் என்றாள் கிங்கா. எல்லாரும் சிரித்தார்கள். பிரோஷ்காவும் சிரித்தாள். அப்போது அவளுக்குக் கிங்காவை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. தன் விதியை இவ்வளவு நேராகப் பிடித்துக்கொண்ட வேறு ஆளை அவள் பார்த்ததில்லை.

நவம்பர் முதல் வாரம் கிங்காவுக்கு முடி கொட்டியது. பிரோஷ்கா வேலை முடிந்து தினமும் போய்ச் சூப் வைத்துக் கொடுத்து, பாத்திரம் கழுவிவிட்டு வருவாள். ஒரு சாயங்காலம் குளியலறைத் தண்ணீர் இறங்கவில்லை. கிங்கா தூங்கிக்கொண்டிருந்தாள். பிரோஷ்கா முழங்காலிட்டு, சல்லடையைத் தூக்கி, விரலைவிட்டு இழுத்தாள். கை நிறைய வந்தது. செம்பு நிறம், சோப்பு நுரை, ஒரு பெண்ணின் இருபது வருஷக் காலைகள். குப்பைக் கூடை பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைப் பிழிந்து, ஒரு காகித உறையில் வைத்து, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பிற்பாடு அவள் இந்த இடத்தை எத்தனையோ தடவை திரும்பிப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு எதையும் செய்ய வேண்டுமென்ற எண்ணம் இருந்ததா? இருந்ததாகவும் சொல்ல முடியவில்லை, இல்லையென்று சொல்லவும் வாய் வரவில்லை. எறிய மனம் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தவறு எதுவும் தவறு என்று பேர் சொல்லிக்கொண்டு உள்ளே வருவதில்லை. உறை ஒரு மாதம் இழுப்பறையில் கிடந்தது.

டிசம்பர் பதின்மூன்று புனித லூட்சா நாள். அன்று தட்டில் கோதுமை விதைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். தினம் தண்ணீர் தெளித்தால் கிறிஸ்துமஸுக்குள் விரல் நீளத்துக்குப் பச்சையாக எழும்பும். எவ்வளவு செழிப்போ வருகிற வருஷம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்பார்கள். சூனியக்காரிகளுக்கு அந்தப் பன்னிரண்டு நாள் இன்னும் முக்கியம். கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஒரு கை என்று செய்கிற வேலைக்குத்தான் அந்த நாட்களில் பலம் அதிகம். பிரோஷ்கா வெள்ளைத் தட்டில் பஞ்சைப் பரப்பினாள். பிறகு இழுப்பறையைத் திறந்தாள். முடியைப் பஞ்சின்மேல் வட்டமாகச் சுற்றி வைத்து, அதன்மேல் கோதுமையைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, கிங்காவின் முழுப் பேரையும் அவள் அம்மாவின் பேரையும் சொன்னாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிறகு ஆச்சரியமாக இருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த கை, ஒரு நடுக்கம்கூட இல்லாமல் அந்த வேலையைச் செய்தது.

கோதுமை வெறி பிடித்ததுபோல் வளர்ந்தது. பக்கத்து வீடுகளிலெல்லாம் அரை விரல் நின்றபோது இவள் தட்டில் ஒரு விரல். டிசம்பர் இருபதாம் தேதி கிங்கா போன் செய்தாள். ஸ்கேன் பார்த்திருந்தார்கள். கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. மருந்து கேட்கிறது, பிப்ரவரியில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். கிங்கா பேச ஆரம்பித்து, நடுவில் அழுது, அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

"நல்ல மருந்துடி அது" என்றாள்.

"ஆமா, நல்ல மருந்து" என்றாள் பிரோஷ்கா. சொல்லும்போதே மனதில் ஒரு சின்ன எரிச்சல். மருந்தாம். போனை வைத்துவிட்டு நேரே தட்டுக்கு முன்னால் போய் நின்றாள். பச்சையை உள்ளங்கையால் தடவி, ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல், நீதான் செய்தாய் என்று சொன்னாள். ஆனால் நீ என்று சொன்னது கோதுமையை அல்ல, தன்னைத்தான்.

அதற்கப்புறம் மூன்று நாள் அவள் நடந்த நடையைப் பற்றி அவள் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. குளியல் கூடத்தில் சாவி எடுத்துக் கொடுக்கும்போது அவள் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. உலகத்தின் சாவிக்கொத்து முழுவதும் தன் மேஜையில் இருப்பதுபோன்ற புன்னகை. இருமுகிற கிழவரைப் பார்த்து, இவரையும் என்னால் முடியும் என்று நினைத்தாள். முடி எடுத்ததை நினைத்தால் அவளுக்குக் குற்ற உணர்வு வரும். அந்த மூன்று நாளை நினைத்தால்தான் உடம்பு கூசும்.

இருபத்து நாலாம் தேதி காலை பத்து மணிக்குக் கிங்கா வந்தாள். நீலக் கம்பளித் தொப்பி, கையில் துணி சுற்றிய பெய்க்லி ரொட்டி: ஒரு சுருள் கசகசா, ஒரு சுருள் வாதுமை. நின்று சுட முடியாமல் உட்கார்ந்துகொண்டே சுட்டதாகச் சொன்னாள். ஜன்னலோரம் தட்டைப் பார்த்ததும் குனிந்து முகத்தைப் பச்சைக்குள் புதைத்துக்கொண்டாள்.

"என்னோடது பூஞ்சை புடிச்சுப் போச்சு. இதுல பாதி குடு, ராத்திரி மேஜையில வைக்கிறேன்."

பிரோஷ்கா, வேறு வாங்கித் தருகிறேன் என்றாள். சந்தை பன்னிரண்டு மணிவரை இருக்கும், வில்மாவிடம் சொல்கிறேன் என்றாள். அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது.

"கோதுமைக்குப் போயி கஞ்சத்தனமா?" என்று சிரித்துக்கொண்டே கிங்கா இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்தாள். எந்த இழுப்பறை என்று அவளுக்குத்தான் தெரியுமே. வேரோடு எடுத்தால்தான் பிரியாமல் வெட்டலாம் என்று, பச்சையைக் கொத்தாகப் பிடித்து மேலே தூக்கினாள். பாய் மாதிரி ஒரே துண்டாக எழுந்து வந்தது. அடிப்பக்கம் வெள்ளை வேர்கள். வேர்களுக்குள், வேரோடு வேராக, செம்பு நிறத்தில் சுற்றிச் சுற்றி.

கிங்கா ஒரு இழையை நகத்தால் நெருடிப் பார்த்தாள். வேர் முடியைத் துளைத்துப் போயிருந்தது. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"இது என்னோட முடி."

கிங்கா பச்சையைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து பிரோஷ்காவைப் பார்த்தாள்.

"கேட்டியா?"

"நீ வேண்டாம்னுதான் சொல்லுவே."

"சொல்லிட்டேனே. செப்டம்பர்லயே சொன்னேனே."

"பாதியா சுருங்கிடுச்சுன்னு நீதானே..." என்று ஆரம்பித்தாள் பிரோஷ்கா.

"அதேதான்" என்றாள் கிங்கா. "நாலு நாளா அது என்னோடதா இருந்துச்சு. என் உடம்பு, என் மருந்து, நான் வாந்தி எடுத்த ராத்திரிங்க. இனிமே அது யாரோடதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அதையும் நீ எடுத்துக்கிட்ட."

கிளம்பும்முன் அவள் செய்தது பிரோஷ்காவுக்கு மறக்கவில்லை. தூக்கிய கோதுமையைப் பச்சை மேலே இருக்கும்படி மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தாள். உயிருள்ள எதையும் போட்டு உடைக்கத் தெரியாதவள் அவள். பெய்க்லியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கதவை அறையவில்லை.

பிறகு வந்த நாட்கள் வேறு யாருக்கும் வராத மாதிரியான நாட்கள். சாதாரண ஆள் என்றால் அந்தத் தட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பான். பிரோஷ்காவால் முடியவில்லை. தண்ணீர் ஊற்றினால், வேண்டாமென்ற வேலையைத் தொடர்ந்து செய்கிறவளாவாள். ஊற்றாமல் விட்டால் காய்ந்துபோகும். கிங்காவின் பேர் சொல்லி முளைத்தது கண்ணெதிரே காய்வதைப் பார்க்க வேண்டும். கட்டியதை அவிழ்க்க வழி உண்டு, எய்ததைத் திருப்ப வழி உண்டு. செய்த நல்லதைத் திரும்ப எடுப்பதற்கு ஏது வழி? எடுத்தால் நோயைத் திரும்ப வா என்று கூப்பிடுவதாகும். ஒவ்வொரு காலையும் அவள் கையில் தம்ளரோடு ஜன்னலோரம் நின்றாள். பாதி ஊற்றினாள். பாதியை வைத்துவிட்டாள். எதுவும் உதவவில்லை, புதுவருஷம் பிறந்து நாலாம் நாள் நுனியிலிருந்து மஞ்சள் ஏற ஆரம்பித்தது. எல்லா வீட்டுத் தட்டிலும் அப்படித்தான் ஆகும். பஞ்சில் முளைத்தது அவ்வளவுதான் வாழும். தெரிந்தும் அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். கிங்காவுக்காக அழுகிறேனா, என் கைவேலை தோற்றுப்போவதற்காக அழுகிறேனா என்ற சந்தேகம் நடுவில் வந்தது. அழுகை நின்றுவிட்டது.

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் பண்டிகை முடிந்தால் அந்தக் கோதுமையைக் கோழிகளுக்குப் போட்டுவிடுவது வழக்கம். முடி சுற்றிய வேரைக் கோழிக்குப் போட முடியாது. பண்டிகைக்கு மறுநாள் அவள் கிங்காவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நாலு தடவை எழுதிக் கிழித்தாள். முதல் மூன்றிலும் "ஏனென்றால்" என்ற வார்த்தை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இரண்டே வரி. நான் திருடினேன். உன் முடி இன்னும் என்னிடம் இருக்கிறது, என்ன செய்ய வேண்டுமென்று நீ சொல்.

பதில் ஒரு வாரம் கழித்துப் போனில் செய்தியாக வந்தது. "உன்கிட்டயே இருக்கட்டும். நீதானே எடுத்த. பிப்ரவரி பன்னெண்டு வியாழக்கிழமை காலையில எனக்கு ஆபரேஷன். அன்னிக்கு நீ எதுவும் செய்யக் கூடாது. என்னை நினைக்கவும் கூடாது. முடியுமா உன்னால?"

முடியும் என்று எழுதினாள். காய்ந்த கோதுமையைச் செருப்புப் பெட்டியில் வைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு வட்டம் கூடியது. குடிசைக்கு வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது. கிங்கா வரவில்லை. அவளுக்கு உடம்பு அலுப்பு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்; பிரோஷ்கா நினைக்கவிட்டாள். ரொட்டித் தட்டு ஒரு சுற்று வந்ததும் வில்மா எழுந்தாள். ஆபரேஷனுக்கு முன் கிங்காவுக்காக ஏதாவது செய்ய வேண்டும், மனம் கேட்கவில்லை என்றாள். வழக்கப்படி எல்லாரும் "கேட்டாச்சா?" என்றார்கள். பிரோஷ்காவின் உதடு அசைந்தது; குரல் வரவில்லை. வில்மா கேட்கவில்லை. பிரோஷ்காதான் நெருக்கம், அவள் கேட்டுச் சொல்லட்டும் என்று அவள் பக்கம் திரும்பினாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்ற இரண்டு வார்த்தையில் அன்றைக்கு அவள் தப்பித்திருக்கலாம். வாய்வரை வந்தன அந்த வார்த்தைகள். அவற்றை விழுங்கிவிட்டு அவள் சொல்ல ஆரம்பித்தாள். சல்லடை, உறை, தட்டு, கத்தி. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். லோராந்தின் பூட்ஸிலிருந்து சேறு காய்ந்து உதிர்வது தெரிந்தது.

முடித்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தாள். வில்மா வந்து கட்டிக்கொண்டாள்.

"பாதியாயிடுச்சுல்ல? அப்புறம் என்ன? அவ நல்லதுக்குத்தானே செஞ்ச."

மற்ற இரண்டு மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஒருவர், முடியின்மேல் விதைக்கிற முறையை எங்கே கற்றாய், எத்தனை நாள், என்ன சொன்னாய் என்று கேட்கவே ஆரம்பித்துவிட்டார். வில்மாவின் கம்பளிச் சட்டைக்குள் மூச்சு முட்ட நின்றபடி பிரோஷ்காவுக்கு மாக்கோ வீட்டுக் கசகசா நெடி அடித்தது. இத்தனை வருஷமாக மாமியாரை அவள் வேறு ஜாதி மனுஷி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் விலகி நின்று, தன்னை வட்டத்தைவிட்டு நீக்கும்படி கேட்டாள். விதி அவளுடையது, மீறியதும் அவள். நீக்காவிட்டால் அந்த விதிக்கு என்ன மரியாதை என்றாள். பேச்சு நாலு பக்கமும் போனது. அதுவரை வாயே திறக்காத லோராந்த் அப்போதுதான் பேசினார்.

"லிஃப்டுக்குள்ள ஆள் இருக்கும்போது அவங்களைக் கேட்காம நான் பட்டனை அமுக்குறதில்ல. அவங்க போகவேண்டிய மாடியே ஆனாலும் சரி. உள்ள இருக்கறவங்களுக்கு அது மாடி இல்ல, விழறதுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "நல்லதுக்குத்தான்னு இங்க இனிமே யாரும் சொல்ல வேண்டாம். ஆனா உன்னை வெளியே தள்ளவும் மாட்டோம் பிரோஷ்கா. தள்ளினா உனக்கு லேசாயிடும். அது எங்க வேலை இல்ல."

கிங்காவுக்காக அன்று மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.

பன்னிரண்டாம் தேதி வந்தது. வியாழக்கிழமை காலை என்றால் குளியல் கூடத்தில் மூட்டுவலிக்காரர்கள் கூட்டம். பிரோஷ்கா லீவு எடுக்கலாமா என்று யோசித்து, வீட்டில் தனியாக இருந்தால் நினைக்காமல் இருக்க முடியாது என்று வேலைக்கு வந்திருந்தாள். ஒருவரை நினைத்தாலே அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும் என்று நம்புகிறவளுக்கு நினைக்காமல் இருப்பது லேசான காரியமில்லை. எட்டு மணிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். சாவியைக் கொடுத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தாள். எப்போதும் பேசாத பெண் பேரன் பேத்தியைப் பற்றியெல்லாம் விசாரிப்பதைக் கேட்டு ஒரு கிழவி, உடம்பு சரியில்லையா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாவிகளின் எண்களைப் பின்னாலிருந்து முன்னால் மனதுக்குள் சொன்னாள். நூற்று அறுபதிலிருந்து இறங்கி நூற்றுப் பன்னிரண்டு வரும்போது, ஈரத்தலையோடு ஒரு பெண் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ரப்பர் வளையத்தில் ஒற்றை முடி மாட்டியிருந்தது. செம்புகூட இல்லை, கறுப்பு. பிரோஷ்காவுக்குக் கிங்காவின் முகம் முழுசாக வந்துவிட்டது. பிழைத்துக்கொள், என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், சத்தமாகச் சொல்லிவிட்டதுபோல்.

மத்தியானம் இன்னொரு தடவை. அப்போது எதுவும் குறுக்கே வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோது வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வட்டத்தின் போன் குழுவுக்குக் கிங்காவிடமிருந்து செய்தி வந்தது. முடிந்தது, நன்றாக இருக்கிறேன், ஆஸ்பத்திரிச் சாப்பாடு லோராந்தின் சூப்பைவிட மோசம். கீழே ஒவ்வொருவராக இதயங்களும் பூக்களும் போட்டார்கள். வில்மா பன்னிரண்டு பூ போட்டிருந்தாள். பிரோஷ்கா எதைப் போடுவதென்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தனியாக அவளுக்கு மட்டும் ஒரு வரி வந்தது.

"வியாழக்கிழமை நினைச்சியா?"

ஜன்னலோரம் போய் நின்றாள். இல்லை என்று எழுதினால் இரண்டே எழுத்தும் ஒரு ஒற்றும். யாருக்கும் தெரியப்போவதில்லை. கிங்காவுக்கு நிம்மதியாகக்கூட இருக்கும். ஆபரேஷன் அவளுடையதாகவே இருக்கும். அவள் நல்லதுக்குத்தான். அந்த எண்ணம் எவ்வளவு சுலபமாக, எவ்வளவு பழகிய காலடியோடு உள்ளே வந்தது என்பதைப் பார்த்து அவளுக்குக் காது மடல் சுட்டது. சமையலறையில் தனியாக நின்றபடி வெட்கப்பட்டாள்.

"ரெண்டு தடவை நினைச்சேன்" என்று எழுதினாள். "காலையில ஒண்ணு. மத்தியானம் ஒண்ணு. காலையில, பிழைச்சுக்கோன்னு மனசுக்குள்ள சொல்லிட்டேன். முடியும்னு உன்கிட்ட சொன்னேன். முடியல."

அனுப்பிவிட்டாள். கிங்கா பார்த்துவிட்டாள் என்பதற்கான குறி உடனே வந்தது. பதில் வரவில்லை. பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தாள், இல்லை. சாயங்காலம் வெளிச்சம் போகிற நேரத்தில் பார்த்தாள், இல்லை. அனுப்பியதை அழித்துவிட அந்தப் போனில் வழி இருந்தது. ஒருதடவை அழுத்திப் பிடித்தால் போதும். அவள் கட்டைவிரலை எடுத்து மடித்துக்கொண்டாள். அது அங்கேயே இருக்கட்டும் என்று, திரை மேலே பார்க்கும்படி போனை மேஜைமேல் வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.